கரஸ்ஸில் படித்த அம்மா எழுதுவது

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

"வேலையை விடாமல் கரஸ்ஸிலேயே எம்.பி.ஏ. முடிச்சிடறேன்மா" என்று நேற்று சொன்னாய். சரி என்று போனை வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. பேசினால் நீ இரண்டே வார்த்தையில் என்னை மடக்கிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கரஸ்ஸை, அதாவது தபால் வழிப் படிப்பை, நான் குறைத்துப் பேசவே மாட்டேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. அதனால் நம் மாவட்டத்தில் என்னைப் போல அடுப்படியையும் ஆபீசையும் விட முடியாத எத்தனையோ பெண்கள் பட்டம் வாங்கினார்கள். நான் படித்தது உனக்கும் நினைவிருக்கும். 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த விடியற்காலை, கூரை ஓடு பறந்து என் பாடப் புத்தகமெல்லாம் நனைந்துபோனது. நீதான் மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து வெயிலில் காயவைத்தாய். நிதி மேலாண்மைப் புத்தகம் அப்பளம் மாதிரி விறைத்துப்போனது. கரண்ட் இல்லாத அத்தனை நாளும் சிம்னி விளக்கில் அதைத்தான் படித்தேன்.

அந்தப் புத்தகத்தில் மூலதனச் செலவு என்று ஒரு கணக்கு. மூன்று வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கேட்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நூறு பேருக்கு நடுவே கைதூக்கக் கூச்சம். பக்கத்தில் உட்கார்ந்து படிக்க ஒரு தோழி இருந்திருந்தால் பத்து நிமிஷ வேலை அது.

எனக்கு அந்தப் படிப்பு உதவியது. இருந்த கணக்குப் பிரிவிலேயே கிளார்க்கிலிருந்து ஆபீசர் ஆனேன். அதே லைனில் மேலே போக கரஸ் தாராளமாகப் போதும். நீ கேட்பது அதுவல்லவே? ஒரகடத்தில் குவாலிட்டிப் பிரிவில் இருப்பவள் மார்க்கெட்டிங்குக்கு மாற வேண்டும் என்கிறாய். முதல் வருடம் முடிந்ததும் இரண்டு மாதம் ஒரு கம்பெனியில் போய் இன்டர்ன்ஷிப், அப்புறம் கேம்பஸுக்கே வந்து ஆள் எடுப்பது, கூடப் படிப்பவர்களோடு சண்டை போட்டுக் கற்பது, இதெல்லாம் ரெகுலரில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கீகாரம் உள்ள இடத்தில் தொலைதூரத்தில் படித்தாலும் பட்டம் ரெகுலருக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு வேலைக்கு அது பெரிய பலம். தனியார் இன்டர்வியூ வேறு மாதிரி. பாண்டியில் ஒரு கம்பெனியில் "ரெகுலரா, கரஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு என் ஃபைலை மூடியவரின் முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

நீ எதற்காகக் கரஸ் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். சம்பளம் நின்றால் வீடு என்ன ஆகும் என்று பயப்படுகிறாய். வீட்டைக் காரணம் காட்டாதே. அப்பாவும் நானும் பார்த்துக்கொள்வோம். 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும், படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டத் தேவையில்லை. வட்டி ஏறும்தான், தெரிந்தே சொல்கிறேன். ஆனால் கடன் வாங்குவதென்றால் வேலை வாங்கித் தருகிற காலேஜுக்கு வாங்கு. பெயருக்கு எம்.பி.ஏ. வைத்திருக்கிற காலேஜுக்கு 7 லட்சம் கொட்டுவதைவிட, இருக்கிற வேலையில் இருந்துகொண்டு கரஸ் படிப்பதே மேல். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதனால் முதலில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான டான்செட் எழுது, வழக்கமாக மார்ச் வாக்கில்தான் வரும். நல்ல காலேஜ் கிடைத்தால் வேலையை விடு. காலாப்பட்டில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தையும் விசாரித்து வை, கிடைத்தால் வாராவாரம் வீட்டுச் சோறு. நல்லது எதுவும் அமையாவிட்டால் கரஸ்ஸுக்கு ஜூலையிலும் ஜனவரியிலும் அட்மிஷன் உண்டு. அப்போதும் அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி. வலைதளத்தில் நீயே பார். ஏஜென்ட் பேச்சைக் கேட்காதே.

பொங்கலுக்கு வரும்போது பத்தாவது, பன்னிரண்டாவது, பி.இ. மார்க் ஷீட் ஒரிஜினல் எல்லாம் எடுத்து வா. அப்பா பாங்க் மேனேஜரிடம் பேசிவிட்டார்.

அன்புடன்,
அம்மா