முன்னாள் படைவீரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, மறைந்த நம் தோழர்களின் வீட்டிலிருந்து வந்திருக்கும் அம்மாக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது. ஜூலை 26 கார்கில் வெற்றி நாளில் மலரஞ்சலி செலுத்தினோம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் கொடியேற்றினோம். டிசம்பர் 7 கொடிநாள் வசூலை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கினோம். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள் பொங்கல் நேரத்தில் வருவதால் இந்த ஆண்டும் கூட்டம் நடத்த முடியவில்லை.

இந்த ஆண்டு நாம் சுபேதார் ஐயாவை இழந்தோம். அவரைப் பற்றி இரங்கல் தீர்மானத்தில் நான்கு வரிதான் எழுதினோம். அது போதாது என்பதால் இங்கே சொல்கிறேன்.

28 ஆண்டு பட்டாளத்தில் இருந்தவர். 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது சிப்பாய். படையை விட்டு வந்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கப்புறம் ஊருக்காக உழைத்த காலம் பட்டாளத்துக் காலத்தைவிட அதிகம். நாங்கள் சிலர் கடைசி வரை பட்டாளத்து வழக்கப்படி அவரை 'சாப்' என்றுதான் கூப்பிட்டோம். காலை ஐந்து மணிக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுடன் தெருவில் இறங்கிவிடுவார். எந்த விளக்குக் கம்பம் எரியவில்லை, எந்தச் சாக்கடை அடைத்திருக்கிறது, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று பார்த்துக்கொண்டே போவார். அவருடைய நோட்டுப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. கம்பத்தின் எண், அணைந்த தேதி, மனு கொடுத்த தேதி, மறுபடி எரிந்த தேதி என்று கோடு போட்டு நான்கு பத்தி. கடைசிப் பத்தி காலியாக இருக்கும் வரை விடமாட்டார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளென்றால் முதல் பஸ்ஸில் கலெக்டர் ஆபீஸில் இருப்பார். "ஒப்புகைச் சீட்டு வாங்காம திரும்பி வராதே தம்பி, அதுதான் உன் துப்பாக்கி" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

ஆள்சேர்ப்புக்குப் போகும் பையன்களுக்கு ஏரிக்கரையில் 1,600 மீட்டரை அளந்து சுண்ணாம்பு அடித்து, விசிலோடு நிற்பார். ஒரு பையனிடமும் காசு வாங்கியதில்லை. அவர் காரியத்துக்கு அந்தப் பையன்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். நம் சங்கத்திலிருந்து வந்தவர்கள் பதினொரு பேர். இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அறிக்கையில் இருக்க வேண்டும்.

அவர் விட்டுப்போன வேலைகளில் ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். சென்ற ஜூன் முதல் ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நூலக வராந்தாவில் மேசை போட்டு, பென்ஷன் காகிதங்களைப் பார்க்கிறேன். இதற்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பென்ஷனருக்கோ குடும்ப பென்ஷன் வாங்கும் அம்மாவுக்கோ 80 வயது முடிந்தால் அடிப்படை பென்ஷனோடு 20 சதவீதம் கூடுதலாகச் சேர வேண்டும். 85-ல் அது 30, 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் முழுதாக இன்னொரு மடங்கு. ஆனால் பி.பி.ஓ. என்னும் பென்ஷன் உத்தரவுகளில், பழையவை பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே கிடையாது. தேதி இல்லாவிட்டால் 80 ஆனது யாருக்கும் தெரியாது. பணமும் வராது. அந்த அம்மாவும் கேட்கமாட்டார், ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

அடுத்தது பெயர். கல்யாணம் ஆன புதிதில் லீவு முடிந்து போனவர், பட்டாளத்து எழுத்தரிடம் வீட்டில் கூப்பிடும் 'பாப்பா' என்ற பெயரையே சொல்லியிருப்பார். படையை விட்டு வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் அதுதான் இருக்கும். ஆதாரில் முழுப்பெயர். நம் பக்கத்துத் தலைப்பெழுத்தை ஒரு இடத்தில் முன்னால் போட்டிருப்பார்கள், இன்னொரு இடத்தில் விரித்து அப்பா பெயராகப் பின்னால் எழுதியிருப்பார்கள். அவர் உயிரோடு இருக்கும்போது, பணி ஆவணங்களை வைத்திருக்கும் பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினால் சில மாதத்தில் முடிகிற காரியம் இது. அவர் போன பிறகு, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அந்த அம்மா அலைய வேண்டும். ஆகவே இங்கே உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்குச் சொல்கிறேன்: இன்று வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, டிஸ்சார்ஜ் புக்கையும் மனைவியின் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஆண்டுக்கொருமுறை தரும் உயிர்வாழ் சான்று. களையெடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழுவதில்லை. 2021 முதல் போனில் முகத்தைக் காட்டியே பதியலாம் என்ற வசதி வந்துவிட்டது. இந்த ஆண்டு நாற்பத்து மூன்று பேருக்கு அப்படிப் பதிந்தோம். நடக்க முடியாத ஆறு பேருக்கு வீட்டுக்கே போனேன். ஒரு அம்மாவுக்கு மூன்று ஆண்டாகச் சேராமல் இருந்த 80 வயதுக் கூடுதல், பிறந்த தேதியைச் சேர்த்த பிறகு நிலுவையோடு வந்தது. பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் நேரே சுபேதார் ஐயா வீட்டுக்குத்தான் போனார். அவருடைய மனுவைப் பத்து மாதம் முன்பு முதலில் எழுதிவைத்தவர் ஐயாதான்.

வருகை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிவேட்டில் அறுபத்து நான்கு பேர். எந்தக் கூட்டத்துக்கும் இருபதைத் தாண்டி வந்ததில்லை. ராணுவ கேன்டீனுக்குச் சாமான் வாங்கப் போகிற வண்டிக்கு மட்டும் இடம் போதவில்லை என்று போன் வருகிறது. சந்தா கட்டியவர்கள் இருபத்தேழு பேர். மூன்று ஆண்டாகக் கட்டாதவர்களின் பெயரைப் படிக்கச் சொன்னார்கள். நான் படிக்கப் போவதில்லை. கஷ்டத்தில் இருப்பவர்கள் தனியே ஒரு வார்த்தை சொன்னால் போதும், செயற்குழு புரிந்துகொள்ளும். ஆனால் வசதி இருந்தும் கட்டாதவர்கள், சங்கக் கட்டட வாடகையும் மின் கட்டணமும் யார் பணத்தில் போகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். சில மாதம் அது ஒன்றிரண்டு பேர் கைப்பணத்தில் போனது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. தணிக்கை முடிந்து சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய படிவங்கள் தயாராகிவருகின்றன.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், நூலக ஊழியர்கள், மலர்வளையத்துக்குப் பொறுப்பேற்ற உறுப்பினர், பந்தலும் நாற்காலியும் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி. சுபேதார் ஐயாவின் நோட்டுகளை நம்பி ஒப்படைத்த அவர் மகளுக்குத் தனியாக நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி. இந்தப் பொறுப்பில் எனக்கு ஏழாவது ஆண்டு முடிகிறது. கண் அறுவை சிகிச்சை இருக்கிறது, சிறிய எழுத்துப் படிவங்களைப் படிக்க முடிவதில்லை. வேறு யாராவது செயலாளராக வந்தால் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். வராவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை மேசையை நிறுத்த எனக்கு மனம் இல்லை. போனில் படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர், மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்தால்கூடப் போதும். ஏரிக்கரைச் சுண்ணாம்புக் கோடு அழிந்துவிட்டது. பையன்கள் ஒரு குத்துமதிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், விசில் பிடிக்க ஆள் வேண்டும். விளக்குக் கம்ப நோட்டில் பதினான்கு வரிக்குக் கடைசிப் பத்தி இன்னும் காலியாக இருக்கிறது.

வரும் ஞாயிறு பத்து மணிக்கு நூலக வராந்தாவில் இருப்பேன். இரண்டு நாற்காலி போட்டிருப்பேன். சந்தா ரசீதுப் புத்தகமும் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்