அந்த மாதிரிக் கடிதத்தைக் கொஞ்சம் எடுத்து வையுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஆத்தங்குடி டைல்ஸ் வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புகிற சின்ன அலுவலகம் என்னுடையது. கணக்கு எழுத ஆள் தேவை என்று சென்ற மாதம் விளம்பரம் கொடுத்தேன். 58 மெயில் வந்தது. அதில் 31 எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மாவில் ஆரம்பித்து, 'தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்' என்று ஆங்கிலத்தில் போகிறது. புகழ்பெற்ற நிறுவனத்தில் நானும் என் தம்பியும் ஒரு டீ பிளாஸ்க்கும்தான் இருக்கிறோம். ஒரு தம்பி, 'கம்பெனி பெயர்' என்று இருந்த இடத்தில் எங்கள் பெயரைப் போடக்கூட மறந்து அப்படியே அனுப்பிவிட்டார். போன் செய்து கேட்டேன். "மிஸ் கொடுத்த ஃபார்மட் சார்" என்றார். அதனால்தான் பிள்ளைகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் மட்டும் இல்லை. நகரத்தார் வீடுகளில் பெயருக்கு முன்னால் வருகிற எழுத்துகளுக்கும் விலாசம் என்றுதான் பெயர். பர்மாவிலும் மலாயாவிலும் அந்த நாலு எழுத்தைப் பார்த்தே இன்னார் கடை என்று தெரிந்துகொண்டு கொடுக்கல் வாங்கல் நடந்தது. எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியை (அப்பாவை) பெற்றவர், பினாங்கில் ஒரு கடையில் அடுத்தாளாக, ஏஜெண்டுக்கு உதவியாக இருந்தவர். அவர் முதலாளிக்குப் போட்ட கடிதங்களில் மேலே சிவமயம், பக்கத்தில் ஊரும் தேதியும், அடுத்த வரியிலேயே விஷயம்.

இன்றைக்கு மெயில் ஐடிதான் விலாசம். வந்ததில் ஒன்று 'கெத்துபாய்' என்று தொடங்கியது. இன்னொன்று பிரவுசிங் சென்டர்க்காரருடைய ஐடி. தெரியாமல் அதற்குப் பதில் போட்டேன். 'கடைக்கு வந்த யாரோ அனுப்பியது சார், ஆள் யாரென்று ஞாபகம் இல்லை' என்று அவர் எழுதினார். ஒரே மெயிலை நாற்பது கம்பெனிக்கு அனுப்பி, அந்த நாற்பது முகவரியும் எல்லார் கண்ணிலும் படும்படி விட்டவரும் உண்டு. பயோடேட்டாவைப் போனில் படுக்கவாட்டில் படம்பிடித்து அனுப்பியவரும் உண்டு. கழுத்தைச் சாய்த்துத்தான் படித்தேன்.

சரி, நன்றாக வந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டைப் பெண். தலைப்பு வரியில் வேலையின் பெயர், தன் பெயர், 'டேலி தெரியும்' (கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர்), அவ்வளவுதான். உள்ளே ஐந்தே வரி. விளம்பரத்தை எங்கே பார்த்தாள், மாமாவின் மளிகைக் கடைக்கு இரண்டு வருஷமாக ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறாள், வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி வரும் என்பது தெரியும், எந்த நாளில் நேரில் வர முடியும், போன் நம்பர். இணைத்த பிடிஎஃப் கோப்புக்கு அவள் பெயரே வைத்திருந்தாள். மற்றவர்கள் அனுப்பியதெல்லாம் 'நியூ ஃபைனல் 2' வகை. அவள் ஆங்கிலம் இரண்டு இடத்தில் உதைத்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. தமிழிலேயே எழுதியிருந்தாலும் கூப்பிட்டிருப்பேன்.

இந்த ஐந்து வரியை எந்த ஃபார்மட்டும் தராது. எந்த வேலைக்கு எழுதுகிறோம் என்று உட்கார்ந்து யோசித்தால்தான் வரும். அதனால் அந்த ஜெராக்ஸ் தாளைப் பீரோவில் வைத்துவிட்டு, லேபில் ஒரு மணி நேரம் கொடுங்கள். இனிஷியலோடு சொந்தப் பெயரில் ஒரு ஐடி, உண்மையான ஒரு விளம்பரம், அதற்கு ஒரு மெயில். முதலில் கோப்பை இணைக்கட்டும், அப்புறம் எழுதட்டும், பெறுநர் முகவரியைக் கடைசியில் போடட்டும். பாதியில் கைபட்டுப் போய்விடாது. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்ப இழுக்க 30 விநாடி வரை வைத்துக்கொள்ளலாம் என்பதையும் காட்டிக்கொடுங்கள்.

எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. விளம்பரத்தில் சம்பளத்தை நான் போடவில்லை. 58 பேரில் பாதிப் பேருக்குப் பதிலும் போடவில்லை. மாதிரிக் கடிதத்துக்கு மாதிரிப் பதில்கூட இல்லாத முதலாளி நான்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேலை கிடையாது. லேபைத் திறந்து வைத்தால் வந்து உட்காருகிறேன். பிள்ளைகள் என் அலுவலக ஐடிக்கே அனுப்பிப் பார்க்கட்டும், ஒவ்வொன்றுக்கும் அங்கேயே பதில் போடுகிறேன். அந்தத் தேவகோட்டைப் பெண் திங்கட்கிழமை வேலையில் சேருகிறாள். சம்மதித்தால் அவளையும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
செக்காலையிலிருந்து ஒரு டைல்ஸ் வியாபாரி