முகமூடிக்குள் இருப்பவரும் நடிகர்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பூதங்களாகவும் விசித்திர உயிர்களாகவும் நடித்தே பெயர் பெற்ற அமெரிக்க நடிகர் டக் ஜோன்ஸ் பற்றிச் சென்ற ஞாயிறன்று வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அவருடைய வேடங்களை உருவாக்கிய ஒப்பனைக் கலைஞர்களை அக்கட்டுரை பாராட்டியது சரி. ஆனால் ரப்பர் தோலைச் செய்தவர் வேறு, அதற்கு உயிர் கொடுத்தவர் வேறு. ‘பான்ஸ் லேபிரிந்த்’ (2006) படத்தில் உள்ளங்கையில் கண் பதித்த வெளிறிய பூதமாக வருகிறாரே, அந்த வேடத்தில் மூக்குத் துளை வழியாகத்தான் அவரால் வெளியே பார்க்க முடிந்தது. ‘த ஷேப் ஆஃப் வாட்டர்’ 2018இல் சிறந்த படம் உட்பட 4 ஆஸ்கர் விருதுகளை வென்றது. அதில் நீர்மனிதனாக நடித்த இவர் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு தீபாவளி நாடகத்தில் நரகாசுரனாக நடித்தேன். காகிதக்கூழ் முகமூடி, வாய்ப் பிளவு வழியே மேடை விளிம்பு மட்டும் தெரியும். வியர்வை கண்ணில் இறங்கும், துடைக்க வழியில்லை. முகம் மறைந்துவிட்டதால் கோபத்தைத் தோளிலும் விரல்களிலும்தான் காட்ட வேண்டியிருந்தது. நிகழ்ச்சித் தாளில் மற்றவர்களின் பெயர்கள் இருந்தன. எனக்கு ‘அசுரன்’ என்று மட்டும். சிங்கப்பூர்த் தமிழ் நாடகக் குழுக்கள் முகமூடி நடிப்புக்கும் உடலசைவுக்கும் தனிப் பயிற்சிப் பட்டறை நடத்தலாம். முகம் தெரியாமல் நடிப்பவரின் பெயரையும் தவறாமல் அச்சிடலாம். தங்கள் நாளிதழும் அத்தகைய உள்ளூர்க் கலைஞர்களைப் பேட்டி காண வேண்டும்.

வாசகர், உட்லண்ட்ஸ்