கிளினிக் கொப்பியிலேயே ஆய்வு இருக்கிறது

ஆசிரியருக்கு,

மலையக வைத்தியசாலைகளின் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் ஆய்வுப் பயிற்சி என்றால் கொழும்பில் இரண்டு நாள் விரிவுரைதான். திரும்பி வந்தால் வார்டு வேலை. படித்தது பைலோடு நின்றுவிடுகிறது. கையிலிருக்கும் பதிவேட்டிலிருந்தே தொடங்கலாமே.

கர்ப்பிணிகளின் குருதிச்சோகையை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. ஆனால் நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். உயரம் கூடினால் ஒட்சிசன் குறையும், உடல் ஈடுகட்ட ஹீமோகுளோபினைக் கூட்டும். அதனால் 1,500 முதல் 1,999 மீற்றர் வரை, அளந்த அளவில் 1.1 கழிக்கும்படி உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சொல்கிறது. 11.8 வந்த தாய் உண்மையில் 10.7. இதை மறந்தால் சோகையுள்ளவர் "நோர்மல்" பட்டியலில் போய்விடுவார்.

ஆய்வுக்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும்: "எங்கள் கிளினிக்கில் இந்தத் திருத்தம் செய்யப்படுகிறதா?" ஆய்வுகளைப் பரிசீலிக்கும் ஒழுக்கநெறிக் குழுவிடம் முதலே அனுமதி கேளுங்கள்; தரவு எடுத்த பின் கேட்டுப் பயனில்லை. பெயருக்குப் பதில் இலக்கம். முதலில் 10 பதிவுகளில் தரவுத்தாளை (விவரங்களை எடுத்தெழுதும் படிவத்தை) சோதித்தால் குழப்பமான கட்டங்கள் தெரியவரும். விரல் நுனி இரத்தமா, நாள இரத்தமா என்று தனிக் கட்டம் வேண்டும். விரலை அழுத்திப் பிழிந்தால் இழையத் திரவம் கலந்து அளவு மாறும். பதிவில்லாத இடத்தில் பூச்சியம் போடவே கூடாது, சராசரி சரிந்துவிடும்.

வாரம் ஒரு மணித்தியாலம் டியூட்டிப் பட்டியலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். ஓய்வு நேரத்தில் செய்யச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள்.

மலையகச் சுகாதார ஊழியர் சிலர்,
நுவரெலியா