பேழையும் ரோஜாவும்

அன்பு நண்பர் சுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். கண் அறுவை நலமாக முடிந்து மீண்டும் தூரிகையைக் கையில் எடுத்துவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். மகளைக் காண லண்டன் போயிருந்தபோது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்த்த ஹெனேஜ் பதக்கத்தைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏறத்தாழ 1595இல் செய்யப்பட்ட அந்தப் பதக்கம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அரசவையைச் சேர்ந்த சர் தாமஸ் ஹெனேஜுக்கு முதலாம் எலிசபெத் அரசி அளித்தது என்பது அக்குடும்பத்தின் வழிவழிச் செய்தி. பொன்னில் எனாமலிட்டு, வைரமும் மாணிக்கமும் பதித்திருக்கிறார்கள். முன்புறம் அரசியின் பக்கவாட்டு உருவம். பின்மூடியில் கொந்தளிக்கும் கடல்மேல் ஒரு பேழை (விவிலியத்து நோவாவின் கப்பல்), அதைச் சுற்றி 'சீறும் அலைகளினூடே அமைதியாக' என்னும் பொருள்படும் லத்தீன் வரி. பேழை இங்கிலாந்தின் திருச்சபை. அதைக் காத்து நடத்துபவர் அரசி. 1588இல் இங்கிலாந்தைத் தாக்க வந்த ஸ்பானியக் கடற்படை தோற்றுத் திரும்பியதைக் கண்ட தலைமுறைக்கு இந்த உருவகத்தை யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

மூடிக்குள் இருப்பது நிக்கோலஸ் ஹில்லியார்டு தீட்டிய அரசியின் சிற்றோவியம். பொற்கொல்லராகப் பயின்ற அவர், மெல்லிய கன்றுத்தோலைச் சீட்டுக்கட்டின் அட்டையில் ஒட்டி, அணில்மயிர்த் தூரிகையால் வரைவார். முத்தை வரைய வெள்ளை வண்ணத்தை ஒரு சொட்டாக மேடிட்டு, அதன்மேல் வெள்ளிப் பொட்டு வைத்து, சிறு விலங்கொன்றின் பல்லால் தேய்த்து மினுக்குவாராம். அவருடைய ஓவியங்கள் பலவற்றில் அந்த வெள்ளி இன்று கறுத்துவிட்டது. உங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். நிழல் விழாத திறந்த தோட்டத்தில் அமர்ந்தே அரசி தம்மை வரையச் செய்தார் என்றும் ஹில்லியார்டு எழுதி வைத்திருக்கிறார். நிழலே இல்லாத முகத்தில் சுருக்கத்துக்கு இடமேது?

அரசி பிறந்தது 1533இல். பதக்கம் உருவானபோது அறுபதைக் கடந்துவிட்டார். ஓவியத்தில் இருப்பதோ இளம்பெண்ணின் முகம். இது முகத்துதி என்று எண்ணி நகர்ந்துவிட இருந்தேன். மூடியின் உட்புறம் என்னை நிறுத்திவிட்டது. அங்கே அரசியின் டியூடர் வம்சத்துச் சின்னமான ரோஜா. அதனுடன், 'ஐயோ, இத்தனை எழில் தோய்ந்த நற்பண்புக்குக் குலையாத நிரந்தர நாட்கள் இல்லையே' என்று புலம்பும் லத்தீன் வரிகள். வெளியே அசையாத பேழையைப் பொறித்துக் கொடுத்தவர்கள், உள்ளே இப்படி ஒரு பெருமூச்சையும் அடைத்திருக்கிறார்கள். மூடியைச் சாத்தினால் அந்தப் புலம்பல் நேராக இளமுகத்தின்மேல் போய்க் கவிகிறது.

படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உருப்பெருக்கியை வைத்து, கழுத்தைச் சுற்றிய லேஸ் வேலைப்பாட்டை மறக்காமல் பாருங்கள்.

அன்புடன்,
கோபாலன்