தாத்தா வீட்டை விற்பது குறித்து என் மகளுக்கு

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் புனேயில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டைப் பார்க்கப் புரோக்கர் ஒரு பார்ட்டியை அழைத்து வந்தார் என்று அம்மா சொன்னதும், டோக்கன் அட்வான்ஸை ஏன் உடனே வாங்கவில்லை என்று கேட்டாய். தொலைபேசியில் நான் சொன்ன பதில் உனக்குப் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். தாத்தா வீட்டில் எனக்கு வரும் பாகத்தைக் கொண்டுதான் நீங்கள் திரும்பி வந்து குடியிருக்க ஒரு ஃபிளாட் வாங்கப் போகிறோம். ஆகவே விற்பதையும் வாங்குவதையும் ஒரே கணக்காகப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளையும் படிக்கட்டும் என்றுதான் எழுத்தில் தருகிறேன்.

வீட்டை விற்க நினைப்பவர் முதலில் அதை வாங்க வந்தவரைப் போல ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. வாங்குபவரின் வக்கீல் நாளைக்குக் கேட்கப்போகும் கேள்விகளை இன்றைக்கே நாம் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் விலை பேச உட்கார வேண்டும். அட்வான்ஸ் கைமாறிய நாளிலிருந்து ஒப்பந்தக் கெடு ஓடத் தொடங்கிவிடும். கெடுவுக்குள் ஒரு சான்றிதழ் வராவிட்டால், பேசிய விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையை நாமே அவர்களுக்குக் கொடுத்தது போலாகும்.

நம் வீட்டில் முதல் கேள்வி வாரிசு பற்றியது. இந்த வீடு தாத்தா 1968-இல் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது; அவர் உயில் எழுதி வைக்கவில்லை; பாட்டியும் போய்விட்டார். ஆகவே 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி எனக்கும் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் சமமாக மூன்று பாகம். "அத்தைக்குத்தான் கல்யாணத்தில் நகையும் சீரும் செய்தாயிற்றே, அவரைக் கேட்க வேண்டுமா?" என்று நீ சென்ற மாதம் கேட்டது எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. சீர் செய்தது சொத்துப் பாகத்தைக் கழித்துக்கொள்வதற்கான கணக்கு அன்று. சட்டம் சமபாகம் தராமல் இருந்தாலும் நான் அப்படிக் கழிக்க நினைக்க மாட்டேன். அத்தை தம் பாகத்தை விட்டுத்தர விரும்பினால் அதற்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் உண்டு. ஆனால் அப்படிக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. மூவரும் விற்பவர்களாகக் கையெழுத்திட்டு, மூவர் கணக்கிலும் தனித்தனியாகப் பணம் வாங்கிக்கொள்வோம். தாத்தாவுக்கும் பாட்டிக்குமான இறப்புச் சான்றுகளும், தாசில்தார் வழங்கிய வாரிசுச் சான்றுகளும் தயாராக இருக்கின்றன.

அடுத்தது பத்திரம். சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று (ஈ.சி.) பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக்கொடுத்துப் பழைய புத்தகங்களைத் தேடச் சொல்ல வேண்டும். தாத்தா கிரயம் வாங்கியது அதற்கு முன்பு என்பதால் நம்முடைய தாய்ப்பத்திரம் ஆன்லைன் ஈ.சி.யில் தெரியாது. தெரியாததைக் கண்டு வாங்குபவர் சந்தேகப்படுவது இயல்பு. ஆகவே கையால் தேடிய சான்றையும் வாங்கி வைத்திருக்கிறேன். மாடி கட்டுவதற்காகத் தாத்தா 1983-இல் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன், எப்போதோ அடைந்த பிறகும், ஈ.சி.யில் அடமானமாகவே நின்றிருந்தது. கடன் அடைந்ததற்கான ரசீதுப் பத்திரம் பதிந்தால்தான் அந்த வில்லங்கம் தீர்ந்ததாகப் பதிவாகும். அது இப்போது முடிந்துவிட்டது. கதவு எண்ணில் பழையது, புதியது என்று இரண்டு இருப்பது நம் ஊரில் யாருக்கும் புதிதன்று. ஆனால் பத்திரத்தில் ஓர் எண்ணும் சொத்து வரி ரசீதில் வேறோர் எண்ணும் இருந்தால், இரண்டும் ஒரே வீடுதான் என்பதை பிளாக் எண்ணும் நகர நிலஅளவை எண்ணும் கொண்டு காட்ட வேண்டும். நில அளவைப் பதிவேட்டில் இன்னும் தாத்தா பெயர்தான் இருக்கிறது. மூன்று வாரிசுகள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன். பத்திரத்தில் முக்கால் கிரவுண்டு, அதாவது 1,800 சதுர அடி என்று இருக்கிறது. ஆனால் கிழக்குப் பக்கம் இருப்பது பக்கத்து வீட்டாருக்கும் நமக்குமான பொதுச் சுவர். ஆகவே சர்வேயரைக் கொண்டு அளந்து, கையில் உண்மையாக இருக்கும் அளவைத்தான் விற்பனைப் பத்திரத்தில் எழுதப் போகிறோம்.

சித்தப்பா குவைத்தில் இருப்பதுதான் இதில் அதிகக் கவனம் கேட்கும் பகுதி. அவர் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, தமக்காகக் கையெழுத்திட இங்குள்ள ஒருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். பதிவு நாளில் பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கான சான்றையும் கேட்பார்கள், ஏனெனில் பவர் கொடுத்தவரின் மறைவோடு பவரும் முடிந்துவிடுகிறது. வெளிநாட்டில் வசிப்பவர் விற்கும்போது வரிப்பிடித்தமும் வேறு. எனக்கும் அத்தைக்கும், மொத்த விலை 50 லட்சத்தைத் தொட்டால், வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டினால் போதும். சித்தப்பாவின் பாகத்தில் அவர்கள் மூலதன ஆதாய வரி, அதாவது சொத்து விற்ற லாபத்துக்கான வரி, விகிதத்துக்கே பிடிப்பார்கள். அதையும் லாபத்தின் மீதன்றி அவர் பாகத்தின் முழு விலையின் மீதும் பிடித்துவிடக்கூடும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கிவிட்டால் அந்தப் பணம் முடங்காது. அதற்கு நேரம் பிடிக்கும் என்பதும் நான் அவசரப்படாததற்கு ஒரு காரணம்.

"பத்திரத்தில் கைட்லைன் வேல்யூவை மட்டும் காட்டிவிட்டு, மீதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம் சார்" என்றார் புரோக்கர். கைட்லைன் வேல்யூ என்பது பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு. அவரை அப்போதே நிறுத்திவிட்டேன். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறும் விற்பவருக்கு, பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விழலாம். அதைவிட முக்கியமானது, கணக்கில் வராத பணத்தைக் கொண்டு நாளைக்கு உனக்கு ஃபிளாட் வாங்க முடியாது என்பது. மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது, பழைய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். அன்றைய கைட்லைன் மதிப்பு இருந்தால் அதைத் தாண்டி எடுக்க முடியாது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கக் குறியீடு சேர்க்காமல் 12.5 சதவீதம் அல்லது சேர்த்து 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்ற வாய்ப்பு இந்தியாவில் வசிக்கும் எனக்கும் அத்தைக்கும் உண்டு, சித்தப்பாவுக்கு இல்லை. விற்ற ஈராண்டுக்குள் வேறொரு குடியிருப்பு வாங்கினால் வரிவிலக்கு உண்டு. கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வாங்கவில்லை என்றால் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். அதனால்தான் புதிய ஃபிளாட்டை உன் பெயரில் மட்டும் வாங்க வேண்டாம் என்கிறேன். விற்றவர் பெயரில் வாங்காமல் பிள்ளை பெயரில் வாங்கினால் விலக்கு உண்டா இல்லையா என்ற வழக்குகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. என் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு உனக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிவைக்கலாம். ஆனால் வாங்கிய மூன்றாண்டுக்குள் கைமாற்றினால் விலக்கு திரும்பப் பறிபோகும் என்பதையும் ஆடிட்டர் நினைவூட்டினார்.

இனி நீ வாங்கப்போகும் வீடு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, காலடிப்பேட்டை, தேரடி, விம்கோ நகர் என்று நிலையத்தின் பெயரைச் சொல்லியே விலை பேசுகிறார்கள். நிலையம் அருகில் இருப்பது நல்லதுதான், ஆனால் அதற்காகவே விலையை ஏற்றிக் கொடுக்காதே. வடசென்னையில் வீடு பார்க்கும்போது வரைபடத்தைவிட மழைக்காலம்தான் நல்ல ஆசிரியர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்று தரைத்தளத்தில் குடியிருப்பவரிடமும், தெருமுனைக் கடைக்காரரிடமும் கேள், புரோக்கரிடம் கேட்காதே. எண்ணூர், எர்ணாவூர் பக்கம் அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்ததை நீ செய்தியில் பார்த்திருப்பாய். பக்கிங்ஹாம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா ஆகியவற்றின் ஓரம் என்றால் தெரு மட்டத்தையும் கட்டட அடித்தள மட்டத்தையும் ஒப்பிட்டுப் பார். கடலுக்கு அருகில் என்றால் உப்புக் காற்று கம்பியைத் துருவேற்றி காங்கிரீட்டைப் பிளக்கும். ஆகவே பத்து ஆண்டுக்கு மேலான கட்டடத்தில் கூரையின் அடிப்பக்கத்தையும் பால்கனி விளிம்பையும் உற்றுப் பார்த்துவிட்டே வா. எண்ணூர் நெடுஞ்சாலையிலோ மணலி சாலையிலோ கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடமானால் இரவில் ஒரு முறை போய் நின்று பார்ப்பது நல்லது.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை இங்கே சற்று வேறு. அந்த மெட்ரோ நிலையங்கள் இருக்கும் திருவொற்றியூர் 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. 1997 வரை செங்கல்பட்டு மாவட்டம், பிறகு திருவள்ளூர், 2018 முதல் சென்னை என்று ஒரே மனை மூன்று மாவட்டங்களின் பெயரில் ஆவணங்களில் வரும். ஆகவே ஊர்ப்பெயரைக் கொண்டு தேடாமல் சர்வே எண்ணைக் கொண்டு தேடு. அந்தப் பக்கத்தில் கோயில் நிலமும் உண்டு. மனை கோயிலுக்கு, கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கு என்று உள்ள வீட்டை முழுக் கிரயம் என்று காட்டி விற்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். அரசு வாரியம் ஒதுக்கிய வீட்டை, விற்பனைப் பத்திரம் வராமலே, வெறும் ஒப்பந்தத்திலும் பவரிலும் வாங்கியவர்களை நம் தெருவிலேயே காட்ட முடியும். பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வகையைத் தொடாதே.

புதிய கட்டடம் என்றால், எட்டு ஃபிளாட்டுக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேலோ உள்ள திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, அந்தத் தளத்தில் முடிக்கும் தேதியைப் பார். ஒப்பந்தம் பதிவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை வெளிப்பட்டால் அவர்களே சரி செய்து தர வேண்டும். விளம்பரத்தில் போடும் அளவுக்கும் உள்ளே நடக்கும் இடமான கார்பெட் ஏரியாவுக்கும் உள்ள இடைவெளியைக் கேள். அதைவிட உன் பெயருக்கு வரும் யுடிஎஸ், அதாவது மனையில் பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்று கேள், ஏனெனில் கட்டடம் தேய்ந்த பிறகு உன்னிடம் எஞ்சப்போவது நிலத்தின் அந்தப் பாகம்தான். நிறைவுச் சான்று பெற்ற ஃபிளாட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கட்டிக்கொண்டிருப்பதற்கு உண்டு. பழைய ஃபிளாட்டை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதத்தை விலைக்கு மேல் ஒதுக்கி வைத்துக்கொள். வங்கிக் கடன் விலைக்குத்தான், இதற்கு அன்று. கடன் அடைந்ததும் 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரிலிருந்து விதித்திருக்கிறது.

பதிவு முடிந்த மறுவாரமே பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, மெட்ரோ வாட்டர் நான்கிலும் பெயரை மாற்று. நீங்கள் புனேயிலேயே சில காலம் இருந்து வீட்டை வாடகைக்கு விடுவீர்களானால், எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிந்துவிடு. பத்து மாத அட்வான்ஸ் என்ற நம் ஊர் வழக்கம் சட்டத்தில் இல்லை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு. வெள்ளமும் புயலும் தீயும் சேர்ந்த வீட்டுக் காப்பீடு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிடைக்கிறது. அதில் நீ எழுத வேண்டியது மீண்டும் கட்ட ஆகும் செலவு. நிலத்தின் விலை அதில் சேராது. ஆண்டுக்கு ஒரு முறை உன் சர்வே எண்ணுக்கு ஈ.சி. போட்டுப் பார், வெளியூரில் இருப்பவர்களின் சொத்துக்கு ஆள்மாறாட்டம் நடந்தால் முதலில் தெரிவது அதில்தான்.

அசல் பத்திரத்தை எந்தப் பார்ட்டிக்கும் நான் கொடுக்கவில்லை, நகல்தான் கொடுத்திருக்கிறேன். சித்தப்பாவின் பவர் வந்து, நில அளவைப் பதிவேட்டில் பெயரும் மாறிய பிறகு, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிந்து, அன்றைக்குத்தான் அட்வான்ஸ் வாங்குவோம். அதற்கிடையில் நீங்கள் பார்க்கும் ஃபிளாட் எதுவானாலும், பில்டர் காட்டும் பத்திர நகலையும் ரெரா பதிவு எண்ணையும் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு. நம் வக்கீல் படித்துப் பார்க்கும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா