நசீருக்கு, கவிதைக் கட்டோடு

கல்லடி
வெள்ளி இரவு

அன்பின் நசீர்,

உன்ட கட்டு வந்து கன நாளாச்சு. பதில் போடல்லையெண்டு ஏசுறதெண்டால் ஏசு, உம்மாட்ட மட்டும் சொல்லிக் குடுக்காதே. இஞ்ச எல்லாரும் சுகம். பெரியவளுக்குச் சோதினை முடிஞ்சுது. இறால் விலையைப் பற்றிக் கேக்காதே. "மந்திரி" இன்னும் அதே சைக்கிளிலதான் திரியிறார். உன்னை விசாரிச்சார், அந்தக் காசை மட்டும் விசாரிக்கல்ல.

சரி, பிள்ளையளின்ட கவிதைப் போட்டிக்கு வருவம். நடுவரா இருக்க ஒத்துக்கொண்டது நீ, கண் வலிக்கிறது எனக்கு. "காதலின் இன்பமும் துன்பமும்" எண்டு தலைப்புக் குடுத்தால் பிள்ளையள் இன்பத்தை வாசலிலேயே விட்டுட்டு வந்திருக்குதுகள். கட்டு முழுக்க இதயம் நொறுங்குது, கண்ணீர் கடலாகுது, நிலவு சுடுது. ஏன் நொறுங்குது எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லக் காணல்ல. நீயும் கடைசிப் பக்கத்தில "எல்லாம் அழுகையா இருக்கே, சிரிக்கிற கவிதைக்குப் புள்ளி கூட்டுவமா" எண்டு எழுதியிருக்கிறாய்.

கூட்டாதே மச்சான். அழுகை கூடினது பிள்ளையளின்ட குற்றமில்லை. காமத்துப்பாலை எடுத்துப் பார். 25 அதிகாரம், 250 குறள். அதில கலியாணத்துக்கு முந்தின களவியலுக்கு 7 அதிகாரம், பிந்தின கற்பியலுக்கு 18. கூடின சந்தோசத்தை நேராப் பேசுறது புணர்ச்சி மகிழ்தல் எண்ட ஒரே அதிகாரம்தான். கற்பியல் திறக்கிறதே பிரிவாற்றாமையில, கலியாணம் முடிச்ச அடுத்த பக்கத்திலயே அவன் பெட்டி கட்டுறான். ஆனா அவள் அழுறாளா? 1151 ஆம் குறளைப் பார்: "செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின் வல்வரவு வாழ்வார்க் குரை." போகல்லையெண்டால் எனக்குச் சொல்லு, கெதியா வந்திருவன் எண்ட கதையை நீ வரக்குள்ள உசிரோட இருக்கிறவங்களுக்குச் சொல்லு. ஒரு சொட்டுக் கண்ணீர் அதில கிடையாது. ஆர் பேசுறது, ஆரைப் பார்த்துப் பேசுறது, எந்த நேரம், எது குறுக்க நிக்குது, எல்லாம் ரெண்டு அடிக்குள்ள அடங்கிப் போச்சு. அழுறது வாசிக்கிறவன்ட வேலை.

நான் புள்ளி போட்டது இதை வைச்சுத்தான். துன்பம் எவ்வளவு பெரிசெண்டு பார்க்கல்ல, குறுக்க என்ன நிக்குதெண்டு பார்த்தன். அது தெரியாட்டி அழுகைக்கு நிக்க இடமில்லை.

கபிலரின்ட குறுந்தொகை 25 உனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில நீ அதைச் சொன்ன விதத்தை மந்திரி இப்பவும் செய்து காட்டுவார். அதை இந்தப் பிள்ளையளுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. ஐஞ்சே வரி. களவா வந்து கூடினவன் பிறகு பொய் சொன்னால் அவள் என்ன செய்வாள்? சாட்சி தேடுறாள். "யாரும் இல்லைத் தானே கள்வன்." அங்க ஒருத்தரும் இருக்கல்ல, இருந்தவனே கள்ளன். மறுகா ஒண்டு ஞாபகம் வருது: குருகு ஒண்டு நிண்டுது. அதுக்குக் கால் தினைத்தாள் மாதிரி, மெல்லிசா, பச்சையா. அதுவும் இவங்களைப் பார்க்கல்ல, ஓடுற தண்ணிக்குள்ள ஆரல் மீன் வருமா எண்டு பார்த்துக்கொண்டு நிண்டுது. அவளுக்குக் கிடைச்ச ஒரே சாட்சிக்கு வாயுமில்லை, கவனமும் இல்லை. வாவிக் கரையில கொக்கு நிக்கிற நிலையைப் பார்த்தவனுக்கு இதுக்கு உரை தேவையா? பக்கத்தில குண்டு போட்டாலும் தலையைத் திருப்பாது. காலை அளந்து சொன்னவர் கண்ணீரை அளக்கல்ல. வந்த கவிதையளில ஒரு பறவையாவது இரை தேடுதா எண்டு பார்த்தன், எல்லாம் சும்மா பறக்குது.

அந்தச் செம்மண்ணும் மழையும் கலந்த பாட்டை மட்டும் உதாரணமா எடுக்காதே. கலியாணக் கார்டில அச்சடிச்சு அச்சடிச்சுத் தேஞ்சு போச்சு.

அடுத்தது பேர். பாதிப் பிள்ளையள் காதலியின்ட பேரைத் தலைப்பிலயே போட்டிருக்குதுகள். காதலைப் பாடுற அகப்பாட்டில பேர் வரக் கூடாதெண்டு தொல்காப்பியர் சட்டமே போட்டார்: "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்." நெடுநல்வாடை எண்ட சங்கப் பாட்டில பேர் கூட இல்லை, வேலில வேப்பம் பூ மாலை கட்டியிருக்கெண்டு ஒரு வரிதான். வேம்பு பாண்டியனின்ட அடையாளமாச்சே, ஆள் ஆரெண்டு தெரிஞ்சு போச்செண்டு உரைகாரர் நச்சினார்க்கினியர் அதை அகமில்லையெண்டு புறத்துக்குத் தள்ளிட்டார்.

நீ இப்ப லைலா மஜ்னூனைத் தூக்கிக்கொண்டு வருவாய், தெரியும். வா. நிஜாமி 1188 இல பாரசீகத்தில பாடின கதையை எடு. காதலன் கைஸ் கெட்டது எதால? பேரைச் சொன்னதால. பள்ளிக்கூடத்தில தொடங்கின விசயம், இவன் தெருவெல்லாம் லைலா லைலா எண்டு கவி பாடித் திரிய, ஊர் இவனுக்கு மஜ்னூன் எண்டு பட்டம் வைச்சுது. பைத்தியகாரனுக்குப் பொண்ணு தர மாட்டன் எண்டு வாப்பாக்காரர் இப்னு சலாமுக்குக் கட்டிக் குடுத்தார். அவனுக்கு அவளைத் தூரமாக்கினதும் பாட்டு, அவளை இண்டு வரைக்கும் உசிரோட வைச்சிருக்கிறதும் அதே பாட்டு. எங்கட அகப்பாட்டு மூடி வைச்ச பேரை நிஜாமி திறந்து விட்டார், ரெண்டும் அலரில, ஊர்ப் பேச்சில, வந்துதான் முட்டுது. அலரைப் பற்றி வள்ளுவர் சொன்னது உன்ட வயல் வட்டைக்காரருக்கு உடன விளங்கும். ஊரார் பேச்சு எரு, தாய் ஏசுற ஏச்சு தண்ணி, இந்த நோய் வளருது (1147). பசளை போட்டு, தண்ணி கட்டி, மறுகா ஏன் வளர்ந்ததெண்டு கேக்கிற ஊர்.

ரோமியோ ஜூலியட்டை ஒரு பிள்ளை "விதியின் சதி" எண்டு ரெண்டு சொல்லில முடிச்சிருக்கு. விதியின்ட கதை அந்த நாடகத்தின்ட முன்னுரையிலயே வந்திட்டுது, ரெண்டு பேரும் சாகப் போறாங்க எண்டும் அங்கயே சொல்லியாச்சு. அப்ப மிச்ச நேரம் சபை ஏன் குந்தியிருக்கு? நேரக் கணக்குக்காக. ஞாயிற்றுக்கிழமை தொடங்கின கதை வியாழன் விடிய முடிஞ்சு போகுது. ஜூலியட் செத்த மாதிரிக் கிடக்கக் குடிச்ச மருந்து 42 மணித்தியாலத்துக்கு. வேறொருத்தனோட வியாழனுக்கு வைச்ச கலியாணத்தைத் தகப்பன் புதனுக்கு இழுத்துட்டார், அவளும் ஒரு இரவு முந்திக் குடிக்க வேண்டி வந்துது. ரோமியோவுக்குக் கடிதம் கொண்டு போன துறவியைக் கொள்ளை நோய்ச் சந்தேகத்தில ஒரு வீட்டுக்குள்ள அடைச்சு வைச்சாங்க. கடிதம் திரும்பி வந்துது, ரோமியோவின்ட வேலைக்காரன் கொண்டு வந்த சாவுச் செய்தி போய்ச் சேர்ந்துது. விதி எண்டு ஒரு சொல்லில போடாம இப்பிடித் தட்டுத் தட்டாக் கட்டினபடியால்தான் நாலு நூறு வருசமா எடுபடுது. அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லு, கவிதையைத் திருப்பி எழுதட்டும்.

காலநிலையில எனக்குக் கோவமே வந்திட்டுது. "உன் பிரிவெனும் பனியில் உறைந்தேன்." அக்கரைப்பற்றில எங்கயடாப்பா பனியில உறையிறது? இன்னொண்டில இலையுதிர் காலம். எல்லாம் சினிமாப் பாட்டில இருந்து கழட்டி எடுத்தது. பிரிவுக்குரிய பாலைக்குத் தொல்காப்பியர் வைச்சது நண்பகலும் வேனிலும். எங்களுக்குக் கச்சான் காத்து இருக்கு. பகல் முழுக்கச் சுடு காத்து, திண்ணையெல்லாம் மணல், கொண்டி போடாத கதவு அடிச்சுக்கொண்டே கிடக்கும். ஒவ்வொரு தரமும் ஆரோ வந்த மாதிரி இருக்கும். உறையவே தேவையில்லை. மழைக்கும் அப்பிடித்தான். கார்காலத்தில வாறன் எண்டு போனவன் வரல்ல, மழை மட்டும் வந்திட்டுது. தோழி என்ன சொல்லித் தேற்றுறாள்? இது கார் இல்லை, காலந்தப்பின மழை, இதைக் காரெண்டு நினைச்சுப் பூத்த கொன்றைதான் மடையன் எண்டுறாள். குறுந்தொகை 66. பொய் எண்டு அவளுக்கும் தெரியும், கேக்கிறவளுக்கும் தெரியும்.

இன்பத்தை நான் மறக்கல்ல. அதை எழுதுறது துன்பத்தை விடக் கஷ்டம், குறுக்க ஒண்டும் நிக்காட்டி ரெண்டு வரியில தீர்ந்து போகும். வள்ளுவர் அதுக்குக் கண்டுபிடிச்ச வழி சண்டை. அவன் தும்முறான், அவள் நூறாண்டு வாழ்க எண்டு வாழ்த்துறாள், உடன "ஆர் நினைச்சுத் தும்மினாய்" எண்டு அழுறாள் (1317). அடுத்த தரம் தும்மலை அடக்கிறான், அதுக்கும் அழுகை: உன்ட ஆக்கள் நினைக்கிறதை எனக்கு மறைக்கிறாயா? (1318). தும்மினாலும் குற்றம், தும்மாட்டியும் குற்றம். எங்கட பக்கத்து நாட்டார் கவியும் இந்தச் சாதிதான், மச்சானும் மச்சியும் ஆளுக்காள் குடுத்து வாங்கிறது. பரணில இருந்து ஒருத்தன் எடுத்து விட்டால் பதில் வராம விடியாது. இந்தக் கட்டில ஒரு கவிதைக்காவது எதிர்க்கவி வருமா சொல்லு? எல்லாம் தன்னோடயே பறையுதுகள்.

இனிப் பகிடி இல்லை. பச்சை மட்டை போட்ட கொப்பித் தாளில, கை எழுத்தில வந்திருக்கே, அதை நீ "உரைநடை" எண்டு ஒதுக்கியிருக்கிறாய். அதைத் திரும்ப எடுத்து வாசி. புருசன்காரன் பேசுறான், பொஞ்சாதி குவைத்தில வீட்டு வேலை. அகப்பாட்டு முழுக்கப் பார், பொருள் தேடிப் போறது ஆம்பிளை, வாசலில நிண்டு நாள் எண்ணுறது பொம்பிளை. "முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை" எண்டு சூத்திரமே கிடக்கு, கடல் கடந்த பயணம் பொம்பிளையோட இல்லையெண்டு. உன்ட பக்கமும் என்ட பக்கமும் எத்தனை வீட்டில அந்தச் சூத்திரம் தலைகீழாப் போயிட்டுது! கடல் கடந்தது அவள், பிள்ளைக்குத் தலை இழுத்து ரெட்டைப் பின்னல் போடப் பழகினது அவன். சங்கப் பாட்டில மாதிரி கிடையாத ஒரு பாலை இது, இந்தப் பொடியனோ புள்ளையோ அதை ஒரு மாதிரியும் பார்க்காம எழுதியிருக்கு.

அதில நேரம் எப்பிடி வருதெண்டு கவனி. அங்க அவளுக்கு வேலை ஓய்ஞ்சு போன் கைக்கு வாறது பத்து மணிக்கு, இஞ்ச அது பன்னிரண்டரை. ரெண்டரை மணித்தியால வித்தியாசத்தை அவன் சொல்லவே இல்லை, மகள் பத்து மணிக்கு உம்மா உம்மா எண்டு நித்திரையாப் போயிட்டாள் எண்டு மட்டும் சொல்லுறான். குறுக்க நிக்கிறது என்ன எண்டு உனக்கு உடன தெரியுது: ரெண்டு வருச ஒப்பந்தம், வீட்டுக்காரி கையில கிடக்கிற பாஸ்போட், முழிச்சிருக்க முடியாத ஆறு வயசுப் பிள்ளை. பேர் ஒண்டும் இல்லை. அழுகையும் இல்லை. ஒரு தரம் அவள் கேக்கிறாள், பின்னல் நேரா வருதா எண்டு. அவன் ஓம் எண்டுறான். பொய்தான், கொன்றைப் பொய்.

முதல் பரிசு அதுக்குத்தான். குறையும் இருக்கு. கடைசி நாலு வரியில "காதல் என்றும் அழியாது" எண்டு பிரசங்கம் வைச்சிருக்கு, ஆரோ வாத்தியார் சொல்லிச் சேர்த்த மாதிரிக் கிடக்கு, அதை வெட்டச் சொல்லு. நடுவில அவளை நிலவுக்கு ஒப்பிட்ட வரியும் வேண்டாம், பன்னிரண்டரைக்குப் போன் வெளிச்சம் போதும். வெட்டினால் பதினெட்டு வரியில நிக்கும். ஆளைக் கூப்பிட்டு மெதுவாச் சொல்லு, உன்ட தொண்டையால கத்தாதே.

ரெண்டாம் பரிசு சண்டை போடுற அந்த மீன் சந்தைக் கவிதைக்கு. மூண்டாவதை நீயே முடிவெடு, நான் தலையிடல்ல. பனியில உறைஞ்சதுக்கு மட்டும் குடுத்தியெண்டால் நட்பு முறிஞ்சுது.

கட்டை நாளைக்குக் காலைமை கல்முனை பஸ்ஸில குடுத்து விடுறன், கடையில சொல்லி எடுத்து வை. புள்ளியெல்லாம் பென்சிலால போட்டிருக்கு, ஒத்துக்கொள்ளாட்டி அழிச்சுப் போட்டுப் போன் எடு.

உன்ட
தேவன்